ஓடினால் குளிர், நின்றால் அனல்: கார் ஏசியில் கேஸைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி இது: எட்டு வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். வேலூரிலிருந்து கிளம்பி நெடுஞ்சாலையில் வரும்வரை ஏசி நன்றாகக் குளிர்கிறது. பூந்தமல்லிக்கு அப்புறம் சிக்னல் சிக்னலாக நிற்க ஆரம்பித்ததும் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது. ஒரே வருடத்தில் இரண்டு முறை கேஸ் போட்டாயிற்று. போட்டதும் இரண்டு மாதம் பரவாயில்லை, பிறகு பழைய கதை. இப்போது கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்னதில் இரண்டு தனித்தனித் துப்புகள் இருக்கின்றன. ஓடும்போது குளிர்கிறது, நின்றால் இல்லை என்பது ஒன்று. கேஸ் போட்டால் இரண்டு மாதம் தாங்குகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒன்றைச் சரி செய்து மற்றொன்றை விட்டுவிட்டால் மே மாதத்தில் மறுபடி ஒர்க்‌ஷாப் வாசலில்தான் நிற்பீர்கள்.

முதலில் ஒரு விஷயம். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடத்துக்குக் கொஞ்சம் கசியும், உண்மைதான். அதனால் குளிர் குறைவது தெரிய வருடக்கணக்கில் ஆகும். ஆறு மாதத்தில் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. "கேஸ் தீர்ந்துபோச்சு சார், அடிச்சா சரியாயிடும்" என்று சொல்பவரிடம் "எங்கே போச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாமல் சிலிண்டரைத் திறக்கிறார் என்றால் உங்கள் பணம் காற்றில் போகிறது, அதுவும் சொல்லுக்குச் சொல்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் திரவம் ஆவியாகி உள்காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே வெளிக்காற்றிடம் வெப்பத்தை இறக்கிவிட்டு மறுபடி திரவமாகி, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் வழியாக, அழுத்தத்தைக் குறைத்துக் கூலிங் காயிலுக்கு அனுப்பும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வருகிறது. இறக்கி வைக்க இடமில்லாவிட்டால் சுமையை எவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு நிற்க முடியும்? நின்றால் அனல் என்ற புகாரில் முதலில் கண்டென்சரைப் பார்ப்பது இதனால்தான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர வைத்துவிடுகிறது. நிற்கும்போது அந்த வேலை முழுக்க ஃபேன் தலையில்.

ஆகவே பேனட்டைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போடுங்கள். உங்களுடையது மாதிரியான பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரசர் 'டக்' என்று பிடித்த சில நொடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவே இல்லையா? ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் அதே மாதிரி இன்னொரு ரிலே, பெரும்பாலும் ஹார்னுக்கு உரியது, இருக்கும். எண் ஒத்துப்போனால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. மோட்டாரைக் கையால் லேசாகத் தட்டினால் சுற்ற ஆரம்பிக்கிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. தட்டுவதாக இருந்தால் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டுத் தட்டுங்கள், பிறகு மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். மின்விசிறி எப்போது கிளம்பும் என்று சொல்லிக்கொண்டு கிளம்பாது.

ஃபேன் சுற்றுகிறது என்றதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம், பலர் கோட்டை விடுவது இங்கேதான். நிறைய வண்டிகளில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. மெதுவான வேகத்துக்கு, மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது எரிந்துபோனால் மெதுவான வேகம் இல்லாமலே போய்விடும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு வேகமான சுற்று மட்டும் வரும். அந்த நேரத்தில் பேனட்டைத் திறந்து பார்த்தவர் "ஃபேன் ஓடுதே" என்று மூடிவிடுவார். மோட்டார் தளர்ந்து பாதி வேகத்தில் சுற்றினாலும் கண்ணுக்குத் தெரியாது. கண்டென்சருக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள், அதை இழுத்து ஒட்ட வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, யாராவது மோட்டாரை மாற்றும்போது இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்திருந்தால் ஃபேன் எதிர்ப்புறமாகச் சுற்றும். அப்போது காற்று பின்னாலிருந்து முன்னால் வரும். ஓடும்போது எதிர்க்காற்றும் ஃபேனும் சண்டை போட்டுக்கொள்ளும். இது நடக்கக்கூடியதா என்று கேட்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அழுக்கு. முன்பக்கம் பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும். அழுக்கு சேர்வது அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இருக்கும் விரல்கடை இடைவெளியில். நெடுஞ்சாலையில் அடிபடும் பூச்சி, லாரிகளிலிருந்து பறக்கும் வைக்கோல், புழுதி எல்லாம் சேர்ந்து அங்கே கம்பளி மாதிரி படிந்திருக்கும். டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். கழுவும்போது சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும், முடிந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி. வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன்னைக் கிட்டே பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் எல்லாம் மடங்கி, இருந்த காற்றோட்டமும் போய்விடும்.

இதெல்லாம் பிரித்துப் பார்க்க நேரமில்லை என்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. வண்டியை நிறுத்தி, ஏசி அனலடிக்க ஆரம்பிக்கும் வரை காத்திருங்கள். பிறகு முன்பக்கக் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மட்டும் ஒரு குடம் தண்ணீரை நிதானமாக ஊற்றுங்கள். இன்ஜின் மேலோ மின் இணைப்புகள் மேலோ படக்கூடாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஓரிரு நிமிடத்தில் "ஜில்லுனு வருது" என்றால் குற்றவாளி அநேகமாக ஃபேன் அல்லது அழுக்கு. கம்ப்ரசர் மேல் இருந்த சந்தேகம் பெருமளவு விலகிவிடும். நிச்சயமான தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பல ஆயிரம் ரூபாய் செலவுக்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் செலவழிக்கலாம்.

தண்ணீர் ஊற்றியும் மாற்றமில்லை என்றால் மீதி இரண்டு: கேஸ் குறைவு, கம்ப்ரசர் தளர்ச்சி. இரண்டுமே நிற்கும்போதுதான் அதிகம் தொல்லை கொடுக்கும், ஏனென்றால் ஐடிலில் கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றுகிறது. இங்கேதான் கேஜ், அதாவது கேஸின் அழுத்தத்தைக் காட்டும் இரட்டை மானி, வேண்டும். நீலம் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு உயர் அழுத்தப் பக்கம். உங்கள் வண்டியில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். வெளியே 35 டிகிரி வெப்பம், இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றில், ப்ளோயர் முழு வேகத்தில் இருக்கும்போது நீலத்தில் ஏறத்தாழ 35 முதல் 50 பிஎஸ்ஐ, சிவப்பில் 200 முதல் 250 பிஎஸ்ஐ இருந்தால் நலம். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் கம்ப்ரசருக்கு அழுத்தும் சக்தி இல்லை. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் அளவுக்கு மேல் போயிருக்கிறது, அல்லது உள்ளே காற்று கலந்திருக்கிறது, அல்லது கண்டென்சர் குளிரவில்லை. நீலம் பூஜ்யத்துக்கும் கீழே வேக்கத்துக்கு, அதாவது வெற்றிடத்துக்கு, போய்விட்டு, சற்று அணைத்து வைத்தால் மீண்டும் சரியாகிறது என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. அது எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து வழியை அடைக்கிறது.

கம்ப்ரசரை மாற்றச் சொன்னவர் இந்த இரண்டு எண்களையும் உங்களிடம் காட்டினாரா? காட்டியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். காட்டியிருந்தால் கேள்வியில் எழுதியிருப்பீர்கள்.

கேஜில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. இன்ஜின் அணைந்திருக்கும்போது கேஜை மாட்டி "பாருங்க, பிரஷர் நல்லா இருக்கு, கேஸ் ஃபுல்" என்று சொன்னால் நம்பாதீர்கள். வீட்டு சமையல் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கால்வாசி திரவம் இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும், கடைசியில் ஒரேயடியாக மங்கும். அதே கதைதான் இங்கும். ஒரு துளி திரவம் மிச்சமிருக்கும் வரை நிற்கும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. ஆர்-134ஏவுக்கு 30 டிகிரியில் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் 114. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய எடைபோட்டுப் பார்க்கிறோம் இல்லையா, இங்கேயும் எடைதான் ஒரே அளவுகோல். பேனட்டுக்கு உட்புறம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் கேஸின் பெயரும் கிராம் அளவும் இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம்தான். இவ்வளவு சின்ன அளவில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிரில் தெரியும். "கொஞ்சம் கூடுதலா போட்டுடறேன் சார், நல்லா குளிரும்" என்பது உதவி அல்ல. கண்டென்சரில் திரவம் தேங்கி, வெப்பம் இறக்கும் இடம் குறைந்து, சிவப்பு முள் ஏறி, நிற்கும்போது இன்னும் மோசமாகும். இரண்டு முறை 'டாப் அப்' செய்த உங்கள் வண்டியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது என்பதுதான் நிலைமை.

சரி, ஓட்டைக்கு வருவோம். கேஸோடு சேர்ந்து ஆயிலும் சுற்றுகிறது. அதனால் கேஸ் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். குழாய் இணைப்புகள், கம்ப்ரசரின் முன் சீல், கண்டென்சரின் கீழ் ஓரங்கள், இவற்றை முதலில் பாருங்கள். கேஸ் ஏற்றும் இரண்டு வால்வுகளில் இருக்கும் ஊசி, டயர் வால்வு ஊசியைப் போன்றதுதான். அதுவும் கசியும். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அந்த மூடிகளைத் தொலைக்காமல் வைத்திருங்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வளையமும் ஒரு தடுப்புதான்.

வெளியே எங்கும் பிசுக்கு இல்லை என்றால் சந்தேகம் கூலிங் காயில் மேல் போகும். என் சொந்த வண்டியில் இதற்காகவே இரண்டு கோடைகளை வீணாக்கினேன். ஒரு கடையில் கண்டென்சரை மாற்றினார்கள், இன்னொரு கடையில் ஹோஸ். கடைசியில் காரணம், வீட்டு வாசல் வேப்பமரம். உதிரும் இலையும் பூவும் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் துளை வழியாக உள்ளே போய், கூலிங் காயில் மேல் ஈரத்தோடு மக்கி, அலுமினியத்தை அரித்திருந்தன. என் வண்டியில் ஏசி ஃபில்டர் வைக்க இடம் இருந்தது, கம்பெனி ஃபில்டர்தான் வைக்கவில்லை. அந்தக் காலச் சின்னக் கார்களில் இது சகஜம். டேஷ்போர்டைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஏசியை அணைத்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, ப்ளோயரை ஒரு கணம் ஓடவிட்டு நிறுத்தி, வென்ட்டிலோ, கீழே தண்ணீர் சொட்டும் குழாயின் வாயிலோ எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரைக் காட்டினால் கத்திவிடும். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே வந்து சேரும். புற ஊதா சாயம் போட்டுத் தேடுவதும் உண்டு. காயில் கசிவில் அந்தச் சாயம் தண்ணீரோடு சொட்டுக் குழாயில் வரும்.

"வேக்கம் போட்டுப் பார்த்தோம், நின்னுச்சு, லீக் இல்லை" என்று சொல்வார்கள். பம்ப்பால் உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டு முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வேக்கம் சோதனை. அது தேவைதான், ஆனால் போதாது. வேக்கத்தில் சுவரின் மேல் விழும் அழுத்த வித்தியாசம் வெளிக்காற்றின் அளவு மட்டுமே, 15 பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவு. அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி. ஓடும்போது அதே இணைப்பு 200 பிஎஸ்ஐக்கு மேல் உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறது. மெல்லிய கசிவு வேக்கத்தில் வாயை மூடிக்கொள்ளும். நைட்ரஜன் ஏற்றி, 150 பிஎஸ்ஐ அளவில் வைத்து, அரைமணி நேரம் முள் அசைகிறதா என்று பார்த்து, நுரை தடவுவதுதான் முறையான சோதனை. பஞ்சர் கடைக் காற்றை ஏற்றக்கூடாது, அதில் ஈரம் இருக்கும். ஆக்சிஜனை ஏற்றவே கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

ஓட்டையை அடைத்த பிறகு வேக்கம் வேறொரு வேலைக்குத் தேவைப்படுகிறது: ஈரத்தை விரட்ட. 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாக, அழுத்தம் வெளிக்காற்றின் 24-இல் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். ஐந்து நிமிடம் பம்ப் போட்டுவிட்டு கேஸ் அடித்தால் ஈரம் உள்ளேயே இருக்கும். அது ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்து அரிக்கும். குறைந்தது அரைமணி, மழைக்காலத்தில் ஒரு மணி நேரம். குழாய்கள் திறந்து கிடந்திருந்தால் ட்ரையரையும் மாற்றிவிடுங்கள். அதற்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் ஒருமுறை நிறைந்துவிட்டால் அவ்வளவுதான். பிரித்த ஒவ்வோர் இணைப்புக்கும் புது ஓ-ரிங், அதுவும் ஆர்-134ஏவுக்கு உரியது. கழற்றிய பாகத்தில் போன ஆயிலை அளந்து அதே வகை ஆயிலை ஊற்ற வேண்டும். ஆயில் இல்லாத கம்ப்ரசர் சீக்கிரம் இறுகிப்போகும்.

கம்ப்ரசர் உண்மையிலேயே போயிருந்தால் அடையாளம் இருக்கும். உள்ளே உராயும் சத்தம், முன்பு சொன்ன நெருங்கிய முள்கள், பிரித்தால் ஆயிலில் வெள்ளிப்பொடி. பொடி இருந்தால் வெறும் கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. அந்தப் பொடி கண்டென்சரின் மயிரிழைத் துளைகளில் ஒளிந்திருந்து புதிய கம்ப்ரசரையும் தின்றுவிடும். இப்போதைய கண்டென்சர்களைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ட்ரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் கூட. இன்னொரு பக்கம், 'கம்ப்ரசர் போச்சு' என்று சொல்லப்படும் பலவற்றில் போயிருப்பது அதன் க்ளட்ச் மட்டுமே, அதாவது ஏசி போட்டதும் கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட்டோடு 'டக்' என்று இணைக்கும் தட்டு. அரைமணி ஓடிச் சூடானதும் க்ளட்ச் விட்டுவிடுகிறது, ஆறினால் பிடிக்கிறது என்றால் அந்த நேரத்தில் அதன் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் தட்டு தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி அது. பல மாடல்களில் உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தாலே இன்னும் சில வருடம் ஓடும்.

உங்கள் புகார் அல்ல, ஆனாலும் இதே கேஸ் பழியில் மாட்டிக்கொள்வது இன்னொன்று: ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு காற்றே குறைந்துபோவது. பத்து நிமிடம் ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் விட்டால் மறுபடி நன்றாக வரும். அது கூலிங் காயில் பனிக்கட்டியாவது. வெப்பநிலை பார்க்கும் தெர்மிஸ்டர் பழுது, அல்லது ஏசி ஃபில்டர் முழுக்க அடைந்திருப்பது. அதேபோல் ஏசி பட்டனைத் தட்டினாலும் 'டக்' சத்தமே இல்லை என்றால் கேஜை எடுப்பதற்கு முன் ஒயரிங்கைப் பாருங்கள். எலி கடித்த ஒயர் எத்தனை கேஸ் பில்களுக்குக் காரணமாக இருந்திருக்கிறது என்று கணக்கெடுத்தால் தெரியும்.

கேஸ் ஏற்றும் அன்று பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து எடை பார்க்கச் சொல்லுங்கள், காற்றில் திறந்துவிடச் சொல்லாதீர்கள். கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. எடுத்த எடையே உங்களுக்கு ஒரு தகவல்: ஸ்டிக்கரில் 400 இருந்து 250 வந்தால் கசிவு, 520 வந்தால் போட்டவர் கைத்தாராளம். மலிவாகக் கிடைக்கும், சமையல் கேஸின் உறவுக்கார வாயுக்களை அடிக்க விடாதீர்கள். நன்றாகவே குளிரும், ஆனால் கூலிங் காயில் கசிந்தால் தீப்பற்றும் வாயு நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வந்து நிறையும். ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்று வேறு கேஸின் பெயர் போட்ட புது வண்டியிலும் பழைய ஆர்-134ஏ கூடாது. வீட்டில் நீங்களே இணைப்பைத் தளர்த்திப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். வெளிவரும் திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது, கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம்.

வேலை முடிந்ததும் நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, நிழலில் நிறுத்தியபடியே பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வெளியே 35 இருக்கும்போது வென்ட்டில் 10 டிகிரி அளவிலோ அதற்குக் கீழோ வந்தால் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுங்கள். அந்த எண்ணையும் போட்ட கிராமையும் பில்லின் பின்பக்கம் எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது "கேஸ் கம்மி சார்" என்றால் அதை எடுத்து நீட்டலாம்.